ஆற்றுக்கு அங்கால ஒரு கோட்டை

ஜேர்மனி
12 ஏப்பிரல் 1987

அன்புத் தங்கச்சி பெர்னடெற்றுக்கு,

யேசு மரி சூசை துணை. இஞ்சை குளிர் குறைஞ்சிட்டுது, இருமலும் விட்டிட்டுது. நீ எப்படி? மச்சான் மரியநாயகத்தின்ர ஒரு பக்கத் தலையிடி குறைஞ்சதோ?

போன சனிக்கிழமை மார்க்ஸ்பேர்க் கோட்டைக்குப் போனன். இந்த ரைன் ஆத்தங்கரையில மலைக்கு மேல எத்தினையோ கோட்டையள். முக்கால்வாசி இடிஞ்சு கிடக்குது. இது மட்டும் எழுநூறு வருசமாய் இடியாமல் நிக்குது. குதிரை ஏறுறதுக்கெண்டு பாறையிலயே படி வெட்டியிருக்கினம். குசினி அடுப்பைப் பாத்தால் நீ வாயில கை வைப்பாய், ஒரு மாட்டை முழுசாய் உள்ள விட்டு வாட்டலாம். யாழ்ப்பாணத்தில நில அளவைக் கந்தோரில பன்ரண்டு வருசம் படம் கீறினவன் சும்மா வருவனோ? இந்தக் கடதாசியின்ர பின்பக்கம் கோட்டையின்ர வரைபடம் கீறியிருக்கிறன். கிணறு எங்கை எண்டு பார்.

அதாலதான் சொல்லுறன், அண்ணை அகதிக் காம்பில முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறான் எண்டு நினைச்சு நீ சோத்துக் கோப்பையோட அழாதை. கேஸ் முடியக் காலம் எடுக்கும். எடுக்கட்டும். அதுவரைக்கும் பாக்க இஞ்சை எவ்வளவோ இருக்கு.

உன்ர செபத்தில என்னையும் சேர்த்துக்கொள்.

உன் அண்ணை,
யாக்கோப்பு


கோலியர்ஸ் வுட், லண்டன்
3 மே 1987

என்ர அண்ணைக்கு,

உங்கட இருமல் போனதுக்கு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினன். நாங்கள் ரெண்டுபேரும் நல்ல சுகம்.

கோட்டைப் படத்தை இவர் ரெலிபோனுக்கு மேல சுவரில ஒட்டிப்போட்டார். மினிகாப் ரக்ஸி ஓடி அலுத்து வந்து, தேத்தண்ணியோட அதையே பாத்துக்கொண்டு நிப்பார். "உன்ர கொண்ணை அகதியாய்ப் போனவரோ, அரசராய்ப் போனவரோ?" எண்டு பகிடி. தலையிடி இன்னும் இருக்கு. மூக்குக்கண்ணாடி போடச் சொன்னால் வயசாளி மாதிரி இருக்குமாம், போடமாட்டார்.

நான் ஆசுப்பத்திரி லோன்றியில அதே வேலைதான். ஆவிக்குள்ள நிண்டு விரிப்புகள் மடிக்கிறது. ஞாயிறு பூசை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்கை உங்கட கடிதத்தை எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில மிஸிஸ் கெலிக்குச் சொன்னன். கோயில் பங்கில எல்லாத்தையும் நடத்துற ஐரிஷ் மனிசி அவ. அவ மற்றவையையும் கூப்பிட்டா. பதினைஞ்சு பேர் சுத்திவர நிண்டு கேட்டவை. "அடுத்த கடிதம் எப்ப வரும்?" எண்டு ஒவ்வொரு கிழமையும் கேக்கினம்.

உண்மையைச் சொல்லுறன் அண்ணை, நீங்கள் ஜேர்மனிக்குப் போய் ரெண்டு வருசத்தில அண்டைக்குத்தான் நான் விடிய மட்டும் நித்திரை கொண்டனான். அப்பாவும் அம்மாவும் போனபிறகு எனக்கு நீங்கள்தானே. இப்பிடியே எழுதுங்கோ.

இவரின்ர வணக்கமும் என்ர அன்பும்,
பெர்னடெற்


ஜேர்மனி
19 யூலை 1987

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவர் உங்கள் ரெண்டுபேரையும் காப்பாராக. நான் நல்லாய்ச் சாப்பிடுறன், நல்லாய் நடக்கிறன்.

இந்த மாதம் ரெண்டு கோயில். ஒண்டு கோப்லென்ஸில, ரைனும் மோசலும் சந்திக்கிற மூலைக்குக் கிட்ட. ரெட்டைக் கோபுரம். கட்டத் தொடங்கி ஆயிரத்து நூற்றைம்பது வருசத்துக்கு மேல எண்டு சொல்லுகினம். மற்றது தெற்கை, பாக்கராக் எண்ட ஊரில. அது கூரை இல்லாத சிற்றாலயம். சிவப்புக் கல்லுச் சுவரும் சன்னல் வளைவுகளும் மட்டும் நிக்குது, கண்ணாடிக்குப் பதிலாய் வானம் தெரியும். படிக்கட்டில இருக்கேக்கை ஒரு கிழவனும் கிழவியும் வந்து எனக்குப் பக்கத்தில இருந்தவை. கிழவி ஒரு அப்பிளை வெட்டிப் பாதியை எனக்குத் தந்தா. மூண்டுபேரும் இருந்து சாப்பிட்டம்.

மிஸிஸ் கெலிக்கு என்ர வணக்கத்தைச் சொல்லு. மச்சானைக் கண்ணாடி போடச் சொல்லு.

அண்ணை


கோலியர்ஸ் வுட்
17 சனவரி 1988

அன்பின் அண்ணைக்கு,

புதுவருசம் உங்களுக்கு நல்லதாய் அமையட்டும். இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிக்கவும். ஊர்ச் செய்தியளும் ஒரு மாதிரி, இஞ்சை வேலையும் கூட. இவரும் சுகம்.

ஒரு பெரிய சந்தோசம். எங்கட பங்கிலயிருந்து வாற யூன் மாதம் ஒரு பஸ் பிடிச்சு ரைன் கரைக்கு வரப்போறம்! ஏழு நாள், முப்பத்தொரு பேர். எங்கையெங்கை போறது எண்டதை மிஸிஸ் கெலி உங்கட கடிதங்களை வைச்சுத்தான் எழுதினவ. மார்க்ஸ்பேர்க், கோப்லென்ஸ் கோயில், கூரையில்லாத சிற்றாலயம் எல்லாம் இருக்கு. "வழிகாட்டி ஒருத்தரும் வேண்டாம், உன்ர அண்ணையே எங்களோட பஸ்ஸில வந்து சொல்லட்டும்" எண்டு சொல்லிப்போட்டா. முதலாவது சீற்றில உங்கட பேரை எழுதியிருக்கு.

இவருக்கு லீவு கிடைக்காது. நான் தனியத்தான் வாறன். அஞ்சு வருசத்துக்குப் பிறகு உங்கட முகத்தைப் பாக்கப்போறன்.

உடனே பதில் போடுங்கோ.

பெர்னடெற்


ஜேர்மனி
20 மார்ச் 1988

அன்புத் தங்கச்சிக்கு,

உன்ர கடிதம் கிடைச்சது. பிந்தினதுக்குக் குறை நினையாதை.

எனக்கு இந்த மாரியோட முழங்காலில நோ. படி ஏறேலாது. இஞ்சை நல்ல ஜேர்மன் வழிகாட்டியள் இருக்கினம், இங்கிலிசும் வடிவாய்க் கதைப்பினம். மிஸிஸ் கெலியிட்டைச் சொல்லு. யூன் மாதம் சனமும் கூட. நீ வேறை ஒரு நேரம் ஆறுதலாய் வாவன்.

மச்சானைக் கேட்டதாய்ச் சொல்லு.

யாக்கோப்பு


கோலியர்ஸ் வுட்
2 ஏப்பிரல் 1988

அண்ணைக்கு,

சுகம் கேக்கிற நிலையில நான் இல்லை, இருந்தாலும் கேக்கிறன். முழங்கால் எப்பிடி?

ரெண்டு மாதம் தபால்காரனைப் பாத்துக்கொண்டு இருந்தன். வந்தது ஆறு வரி. படி ஏறேலாட்டி பஸ்ஸுக்குள்ள இருங்கோவன். நான் கோட்டை பாக்கவோ வாறன்? எனக்குக் கோட்டை வேண்டாம்.

மிஸிஸ் கெலியிட்டைச் சொன்னன். அவ என்னை ஒருமாதிரிப் பாத்து, "அண்ணைக்கு எங்களைப் பாக்க வெக்கமோ, அல்லது உங்களைப் பாக்க வெக்கமோ?" எண்டு கேட்டா. நான் லோன்றியில வேலை செய்யிறதோ உங்களுக்குக் குறை? அங்கை ஆரும் பெண் இருக்கினமோ? இருந்தாலும் நான் என்ன சொல்லப்போறன்?

வரவேண்டாம் எண்டால் வரவேண்டாம் எண்டு எழுதுங்கோ. முழங்கால் எண்டு எழுதாதேங்கோ.

உங்கட தங்கச்சி எண்டு இன்னும் நினைக்கிற,
பெர்னடெற்


ஜேர்மனி
15 ஏப்பிரல் 1988

என்ர தங்கச்சி,

என்ர முழங்காலுக்கு ஒண்டும் இல்லை. அது பொய். அதுக்கு முதல் எழுதினதும் பொய்.

நான் மார்க்ஸ்பேர்க்கைக் கண்ணாலயும் காணேல்லை. கோப்லென்ஸ் கோயிலைக் காணேல்லை. அப்பிள் தந்த கிழவியும் இல்லை.

இஞ்சை ஒரு சட்டம். அகதிக் கேஸ் முடியுமட்டும், பதிஞ்சிருக்கிற மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கேலாது. எங்கட மாவட்டம் ஆத்தோட முடியுது. மார்க்ஸ்பேர்க் ஆத்துக்கு அங்கால. நாங்கள் இருக்கிற வளைவில இருந்து அது தெரியவும் தெரியாது. எண்பத்தாறாம் ஆண்டு ஒருநாள், ஆர் பாக்கப்போகினம் எண்டு நினைச்சுப் படகில ஏறி அக்கரைக்குப் போனன். இறங்கின இடத்திலயே ஒரு பொலிஸ்காரன் பத்திரம் கேட்டான். அடுத்த படகில என்னைத் திருப்பிக் கொண்டுவந்தாங்கள். ஊர்ச்சனம் கரையில நிண்டு பாத்தது. பிறகு வெளிநாட்டார் கந்தோரில ஒரு அம்மா, "எங்கை போனீர்?" எண்டு கேட்டா. "கோட்டை பாக்க." "கோட்டை பாக்கிறது ஒரு காரணம் இல்லை" எண்டு சொல்லி எழுதிக்கொண்டா. கத்தேல்லை, ஏசேல்லை. அதுதான் எனக்குக் கூட நொந்தது.

வேலை செய்யவும் விடமாட்டினம். இந்த ஊர்க் கோயில் முற்றம் கூட்டுறன், அதுக்கு மட்டும் அனுமதி. இஞ்சத்தைப் பாதர் வெர்னர் நல்ல மனிசன். அவரின்ர அலுமாரியில கோட்டையள், கோயில்களைப் பற்றின புத்தகம் நிறைய இருக்கு. படத்தைப் பாத்துப் பாத்து வரைபடம் கீறுவன். அதைத்தான் உனக்கு அனுப்பினன்.

ஏன் எண்டு கேப்பாய். நீ அழுதுகொண்டு சாப்பிடுறன் எண்டு எழுதினாய். ஒரு பொய் எழுதினன். விடிய மட்டும் நித்திரை கொண்டன் எண்டு மறுமொழி வந்தது. பிறகு எப்பிடி நிப்பாட்டுறது?

இப்ப முப்பத்தொரு பேருக்கு நான் பொய்யன். உனக்கு அவமானம். மன்னிக்கச் சொல்லிக் கேக்கிற முகமும் எனக்கு இல்லை. இனி உன்னட்டை மறைக்க என்னட்டை ஒண்டும் இல்லை.

யாக்கோப்பு


கோலியர்ஸ் வுட்
8 மே 1988

என்ர அண்ணை,

கடிதத்தை லோன்றியில, சாப்பாட்டு நேரத்தில உடைச்சன். பிறகு வேலைக்குத் திரும்பிப் போகேலாமல் இருந்திட்டன். மூண்டு கிழமை எழுதாமல் விட்டது கோபத்தில இல்லை. என்னில எனக்கு ஆத்திரம். பிள்ளை மாதிரிக் கதை கேட்டு நித்திரை கொண்டிருக்கிறன், உங்களைக் கரையில ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டிருக்கினம்.

மிஸிஸ் கெலியிட்டை எல்லாம் சொன்னன். மேசையில இருந்த துணியை இழுத்து நேராக்கினா. "என்ர அப்பா வேலைக்கு லண்டனுக்கு வந்த புதுசில, அரண்மனை வாசலில நிண்டு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினவர். நாங்கள் பத்து வருசமாய் அவருக்கு அங்கைதான் வேலை எண்டு நினைச்சம். றோட்டுக் கிண்டினவர்" எண்டா. பிறகு, "உன்ர அண்ணை கூட்டுற கோயிலில பூசை எத்தினை மணிக்கு?" எண்டு கேட்டா.

பஸ் யூன் பன்ரண்டாம் திகதி உங்கட ஊருக்கு வருது. நீங்கள் ஓரடியும் எடுத்து வைக்கவேண்டாம். நாங்கள் வாறம்.

எனக்கும் உங்களிட்டைச் சொல்ல ஒரு கதை இருக்கு. நேரில சொல்லுறன்.

கவனமாய் இருங்கோ.

பெர்னடெற்


ஜேர்மனி
26 யூன் 1988

தங்கச்சி பெர்னடெற்றுக்கு,

பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திருப்பாய். பஸ் வளைவால திரும்பின பிறகும் நான் கனநேரம் றோட்டில நிண்டன்.

பாதர் வெர்னர் இப்பவும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சின்னக் கோயில், காட்ட ஒண்டும் இல்லை எண்டுதான் பயந்துகொண்டு நிண்டன். பிறகு வாயைத் திறந்தால் நிக்குதில்லை. வடக்குச் சுவர் தெற்குச் சுவரை விட ஒண்டரை அடி உள்ளுக்கு வந்திருக்கு, கட்டினவைக்கு அடியில பாறை முட்டினது எண்டு சொன்னனல்லோ? ஒரு புத்தகத்திலயும் அது இல்லை. கூட்டேக்கை விளக்குமாத்துத் தடியால அளந்து நானாய்க் கண்டது. உங்கட பஸ்ஸில வந்த அந்தத் தடிச்ச ஐயா நம்பாமல் தானே காலடி வைச்சு அளந்து, "மனுசன் சொல்லுறது சரி!" எண்டு கத்தினார். எல்லாரும் கைதட்டிச்சினம். மூண்டு வருசத்தில எனக்கு ஆரும் கைதட்டேல்லை.

இனி நான் எழுதப்போறதுக்கு நீ கோவிக்காதை.

உன்ர முகம் நல்லாய் மெலிஞ்சு போச்சு. ஆத்தங்கரையில இருக்கேக்கை "மச்சான் எப்பிடி?" எண்டு கேட்டன். "சுகம்" எண்டு சொல்லிப்போட்டு செருப்புக் கொக்கியைக் கழட்டிக் கழட்டிப் பூட்டினாய். சொல்ல இருக்கு எண்டு எழுதின கதையையும் சொல்லேல்லை. பஸ் ஏறேக்கை மிஸிஸ் கெலி என்ர கையைப் பிடிச்சு, "இந்த வருசம் முழுக்கத் தனிய எவ்வளவு தாங்கியிட்டா உங்கட தங்கச்சி" எண்டு சொன்னா. தனிய எண்டு ஏன் சொன்னவ?

ஒரு வருசத்துக்கு மேலாய் மச்சானின்ர பகிடி ஒண்டும் உன்ர கடிதத்தில இல்லை. முந்தின கடிதங்களை எடுத்துத் திரும்பப் படிச்சன்.

பொய் எழுதின எனக்குக் கேக்க உரிமை இல்லை எண்டு நீ சொல்லலாம். அண்ணை எண்ட உரிமையில கேக்கிறன்.

யாக்கோப்பு


கோலியர்ஸ் வுட்
4 செப்ரெம்பர் 1988

அன்பின் அண்ணைக்கு,

நல்லாய் இருக்கிறியள் எண்டு நம்புறன். இந்தக் கடிதத்தை நாலுதரம் எழுதிக் கிழிச்சன்.

இவர் போன வருசம் ஒக்ரோபரில போயிட்டார். மினிகாப் கந்தோரில ரெலிபோன் எடுக்கிற ஒருத்தியோட இப்ப லண்டனுக்குக் கிழக்கை, பார்க்கிங் எண்ட ஊரில இருக்கிறாராம். நான் உடுப்பு மடிச்சுக்கொண்டு நிக்கேக்கை குசினி வாசலில வந்து சொன்னவர். "பெர்னடெற், நான் இனி இஞ்சை இருக்கேல்லை." சண்டை ஒண்டும் இல்லை. மிச்ச உடுப்பையும் மடிச்சு முடிச்சன். அவரின்ர சேட்டுகளையும் சேர்த்து.

இவர் எங்கை எண்டு கோயிலில கேட்டால், இவருக்கு ஷிப்ட் வேலை எண்டு சொல்லுவன். நாலு மாதம் அப்பிடிச் சமாளிச்சன். ஒருநாள் பூசை முடிஞ்சு வீட்டை போக மனமில்லாமல் கோயில் படியில இருந்த என்னை மிஸிஸ் கெலி கண்டு, தன்ர வீட்டை கூட்டிக்கொண்டு போய் சூப் தந்தா. அவவுக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களுக்கு ஏன் எழுதேல்லை? நீங்கள் கோட்டை கோட்டையாய் ஏறிச் சந்தோசமாய்த் திரியிறியள், ஒருத்தராவது சந்தோசமாய் இருக்கட்டும் எண்டு விட்டன். உண்மை தெரிஞ்ச பிறகு இன்னும் எழுதேலாமல் போச்சு. அவ்வளவு பாரத்தோட இருக்கிற ஆளுக்கு நான் இதையும் ஏத்துறதோ? ஆத்தங்கரையில வாய்மட்டும் வந்தது. எல்லாரும் கைதட்டினதைப் பற்றிச் சொல்லி நீங்கள் சிரிச்சுக்கொண்டு இருந்தியள். அந்த முகத்தைப் பாத்துச் சொல்லேலாமல் போச்சு.

ஒக்ரோபரில எனக்கு ஒரு கிழமை லீவு இருக்கு. இவர் போன அந்தத் திகதியில இந்த வீட்டில தனிய இருக்கப் பயமாய் இருக்கு. கொலோன் மட்டும் பஸ்ஸில வந்திடுவன். அதுக்குப் பிறகு ரயில் மாறி மாறி வர எனக்கு ஜேர்மன் தெரியாது. பாதரிட்டைக் கேட்டு எந்த ரயில் எண்டு எழுதிவிடுங்கோ.

உங்கட,
பெர்னடெற்


ஜேர்மனி
23 செப்ரெம்பர் 1988

என்ர செல்லத் தங்கச்சிக்கு,

உன்ர கடிதத்தை வாசிச்சு அழுதிட்டுத்தான் இதை எழுதுறன்.

நீ ரயில் மாறத் தேவையில்லை. நான் கொலோனுக்கு வாறன்.

வெளிநாட்டார் கந்தோருக்குப் போனன். அதே அம்மா. நான் சொல்லச் சொல்ல, உன்ர கடிதத்தில அரைவாசியைப் பாதர் ஜேர்மனில எழுதித் தந்தவர், அதை நீட்டினன். வாசிச்சா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா.

"தங்கச்சிக்கு ஆர் இருக்கினம்?" எண்டு கேட்டா.

"நான் இருக்கிறன்."

"வேறை?"

"வேறை ஒருத்தரும் இல்லை."

ஒரு நாள் அனுமதி. ஒக்ரோபர் பதினைஞ்சு, சனிக்கிழமை. விடியத் தொடக்கம் பொழுதுபட மட்டும். முத்திரை குத்தித் தரேக்கை, "நேரத்துக்குத் திரும்பி வாரும்" எண்டு மட்டும் சொன்னா.

பஸ் நிக்கிற இடத்தில அசையாமல் நில். நான் உன்னைத் தேடி வருவன்.

யாக்கோப்பு


ஜேர்மனி
6 நவம்பர் 1988

அன்புத் தங்கச்சி பெர்னடெற்றுக்கு,

நீ போய்ப் பதினைஞ்சு நாள். உன்ர கை மணத்த குழம்பைப் பற்றிக் காம்பில எல்லாரும் இன்னும் கதைக்கினம். கவுன்சிலில வீட்டை உன்ர பேருக்கு மாத்தப் போனியோ? மிஸிஸ் கெலியையும் கூட்டிக்கொண்டு போ, அவ கதைச்சால் கேப்பினம். அவரிட்டையிருந்து கடிதம் வந்தால் உடனே மறுமொழி எழுதாதை. ஒரு கிழமை வைச்சிட்டு எழுது.

உனக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு. பெரிய விசயம் இல்லை.

உன்னைக் கூட்டிவரக் கொலோனுக்குப் போகேக்கை விடியேல்லை. ஆத்தில பனிப்புகார், ஒண்டும் தெரியேல்லை. சரி, திரும்பேக்கை பாப்பம் எண்டு நினைச்சன். ஒரு நாள் அனுமதியில அது ஒண்டுதானே சந்தர்ப்பம். பாதரின்ர புத்தகத்தைப் பாத்து, கோப்லென்ஸ் தாண்டி எத்தினையாம் நிமிசத்தில மார்க்ஸ்பேர்க் அக்கரையில தெரியும் எண்டெல்லாம் கணக்குப் பாத்து வைச்சிருந்தன்.

கொலோனில உன்னைக் கண்டன். ரெண்டு பையையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, சொன்ன இடத்தை விட்டு அசையாமல் நிண்டாய். ரயிலில ஏறி, ஆத்துப் பக்கச் சீற்றாய்ப் பாத்து உன்னைச் சன்னலோட இருத்தினன். நீ பாக்கட்டும் எண்டு. நீ அஞ்சு நிமிசம் அழுதாய், பிறகு என்ர தோளில சாய்ஞ்சு நித்திரையாப் போனாய். வாயைத் திறந்துகொண்டு, சின்னனில மாதிரி.

கோப்லென்ஸ் போச்சு. புகார் விலகி நல்ல வெயில். முன்னால இருந்த மனிசி எழும்பிச் சன்னலால காட்டித் தன்ர பேரப்பிள்ளைக்கு என்னவோ சொன்னா. "மார்க்ஸ்பேர்க்" எண்டது மட்டும் விளங்கிச்சு. எனக்கு உன்ர தலை மறைச்சுது. கொஞ்சம் எழும்பி எட்டினால் தெரிஞ்சிருக்கும்.

நீ முழிச்சிடுவாய் எண்டு நான் அசையேல்லை.

தேவதாய் உன்னைத் தன்ர கைக்குள்ள வைச்சிருக்கட்டும்.

உன் அண்ணை,
யாக்கோப்பு